வெள்ளத்தாய் சொன்ன முடிவு

மதியச் சங்கு ஊதும்போது தேவகிருபை மில் வாசலில் நிற்பாள். ஒரு கையில் அம்மாவுக்குச் சோற்றுத் தூக்குவாளி, மறு கையில் ஒரு மாதப் பத்திரிகை. அவளுக்குப் பத்து வயது. இராஜபாளையத்தில் நூல் மில் தொடங்கி இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது.

அம்மா ஞானரத்தினமும், கூட வேலை செய்யும் பாலம்மாளும் வெள்ளத்தாயும் சுவர் நிழலில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். சோற்றுக் கையால் பக்கம் புரட்ட முடியுமா? அதனால் தேவகிருபைதான் கதை படிப்பாள். பத்திரிகை அவளுடைய ஏசம்மாள் டீச்சர் கொடுப்பது.

கதையில் கோமதி என்றொரு பெண். சின்ன வயதிலேயே கணவனை இழந்தவள். வெளியூர் போய்ப் படிக்க ஆசைப்படுகிறாள். அவள் அண்ணனோ வாசலை மறித்து நிற்கிறான். அந்த இடத்தில் 'தொடரும்' என்று போட்டுவிட்டார்கள்.

"இதை எழுதுனதும் பொம்பளையா?" என்று கேட்டாள் பாலம்மாள்.

"ஆமா பெரியம்மா. பேரு போட்டிருக்கு."

"அதான் நம்ம மனசுல உள்ளது அவளுக்குத் தெரிஞ்சிருக்கு!"

வெள்ளத்தாய் சாப்பிடக்கூட மறந்து கேட்பாள். அவளுக்கு இருபது வயது. கணவன் காலராவில் இறந்தபின் அண்ணன் வீட்டில் இருந்தாள். எட்டாம் வகுப்பு படித்தவள்.

அடுத்த மாதம் ஏசம்மாள் டீச்சர் மாற்றலாகிப் போய்விட்டார். பத்திரிகையும் வரவில்லை.

"கோமதி என்ன ஆனா?" என்று மூன்று பேரும் ஆவலாகக் கேட்டார்கள். 'தெரியாது' என்று சொல்ல தேவகிருபைக்கு மனம் வரவில்லை. பழைய பத்திரிகை ஒன்றை விரித்து, தானே கதை கட்டிப் படித்தாள்.

"அண்ணன் சொன்னபடி கோமதி வீட்டுக்குள் போனாள். கதவைச் சாத்திக்கொண்டாள். சுபம்."

வெள்ளத்தாய் கையில் எடுத்த சோற்றை வாளியிலேயே போட்டாள். "அம்புட்டுதானா?" என்று பத்திரிகையை எட்டிப் பார்த்தாள். "ஏட்டி, இது கூந்தல் தைல விளம்பரமுல்லா!"

பாலம்மாளுக்குச் சிரிப்பில் புரையேறியது. தேவகிருபைக்கோ கண் கலங்கிவிட்டது.

"பத்திரிகை வரல அக்கா. பெரியவங்களுக்கு இப்படி முடிஞ்சாத்தான் பிடிக்கும்னு நெனச்சேன்." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நீங்களே ஒரு முடிவு சொல்லுங்களேன்."

வெள்ளத்தாய் மெல்ல ஆரம்பித்தாள். "கோமதி மதுரைக்குப் போவா. ஆஸ்பத்திரியில நர்சு படிப்பு. எட்டாப்பு படிச்சிருந்தாப் போதும். தங்குறதும் அங்கேயே. வர்ற வெள்ளிக்கிழமைக்குள்ள போய்ச் சேரணும்."

"கதையில ஆஸ்பத்திரியே வரலியே?" என்றாள் தேவகிருபை.

வெள்ளத்தாய் தலையைக் குனிந்துகொண்டு, இடுப்பில் செருகியிருந்த கடிதத்தை எடுத்தாள். அவளைச் சேர்த்துக்கொள்வதாக மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து எழுதியிருந்தார்கள்.

"அண்ணங்கிட்ட சொல்லப் பயமா இருக்கு."

"அவர் பொல்லாதவரா?"

"இல்லட்டி. ஊரு பேசும்னு பயப்படுதாக."

"அவருக்கும் பயம், உங்களுக்கும் பயம். நாங்க கூட வந்தா என்ன?"

சாயங்காலம் நான்கு பேரும் வெள்ளத்தாயின் வீட்டுக்குப் போனார்கள். அண்ணன் முத்துராமலிங்கம் வண்டி மாடுகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். வெள்ளத்தாய் கடிதத்தை அவரிடம் நீட்டினாள். எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

"ஊரு கேட்டா நான் என்னத்தச் சொல்ல?" என்றார் அவர்.

"படிக்கப் போயிருக்கான்னு சொல்லுங்க மாமா" என்றாள் தேவகிருபை.

மாடு தன் தோள் துண்டைக் கடித்து இழுத்ததுகூடத் தெரியாமல் நின்றார்.

"நான் வேண்டாம்னு சொன்னா?"

"அப்பவும் போவேன் அண்ணே" என்றாள் வெள்ளத்தாய். "நீங்க ரயிலேத்தி விட்டா, சந்தோசமாப் போவேன்."

முத்துராமலிங்கம் துண்டை மாட்டின் வாயிலிருந்து பிடுங்கினார். பிறகு கேட்டார்: "அங்க சோறு நல்லாப் போடுவாகளா?"

வெள்ளத்தாய் அழுதுகொண்டே சிரித்தாள்.

வியாழக்கிழமை காலை அவளுடைய பெட்டியை ரயிலில் ஏற்றி வைத்தவர் அண்ணன்தான். வண்டி நகர்ந்தபோது முதலில் கையசைத்தவரும் அவர்தான்.