எதிர்ப்பக்கத்துக்காரன்

“கொடியை மடக்குங்க சார்! கண்ணைக் குத்திடும்!”

கத்திய பிறகுதான் போரா நிமிர்ந்து பார்த்தாள்.

பூட்டிக் கிடந்த ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை. அதன் முன்னால் கையகலத் தகரக் கூரை. மழைக்கு ஒதுங்க ஓடி வந்தவள், அங்கே ஏற்கெனவே ஒதுங்கி நின்றவனின் கொடிக்கம்பில் மோதிக்கொள்ள இருந்தாள். அவன் அவசரமாகக் கொடியைச் சுருட்டினான். நெற்றியில் ஒட்டிய ஈர முடிக்குக் கீழே இரண்டு கண்கள்... தூங்கி எழுந்த குழந்தையின் கண்களைப் போல, கோபப்படத் தெரியாத கண்கள்.

‘சே! இவ்வளவு நல்ல கண்ணை வச்சுக்கிட்டு அந்தப் பக்கம் நிக்கிறானே...’

அந்த வசந்தத்தில் சியோல் நகரத்தில் எல்லோரும் ஏதோ ஒரு பக்கம் நின்றார்கள். அதிபரைப் பாராளுமன்றம் பதவியிலிருந்து நிறுத்தி வைத்திருந்தது. நீக்குவதா, திரும்ப உட்கார வைப்பதா என்று நீதிமன்றம் சொல்ல வேண்டும். சனிக்கிழமையானால் க்வாங்வாமுன் சாலையில் இரண்டு கூட்டம். ஒரு பக்கம், அவரை நீக்கச் சொல்லி, பாட்டுக் கச்சேரிக்குக் கொண்டுபோகும் கைவிளக்குகளோடு போராவைப் போன்ற பெண்கள். மறுபக்கம், அவரைக் காப்பாற்றச் சொல்லித் தேசியக் கொடிகள். நடுவே சுவர் மாதிரி வரிசையாகப் போலீஸ் பேருந்துகள்.

“நீங்க முதல்ல உங்க விளக்கை அணைங்க. எனக்குக் கண்ணு கூசுது” என்றான் அவன்.

“கூசட்டும். அப்பவாவது கண்ணு திறக்குதா பார்ப்போம்.”

அவன் சிரித்துவிட்டான். போராவுக்கு எரிச்சல் வந்தது. சண்டைக்கு வந்தால் சண்டை போட வேண்டும்... இப்படிச் சிரிக்கக் கூடாது!

“ராத்திரியோட ராத்திரியா பாராளுமன்றத்துக்கு ராணுவத்தை அனுப்பின ஆளுக்காகவா இந்த மழையில நிக்கிறீங்க?”

“அது தப்புதாங்க. ஆனா...”

“என்ன ஆனா?”

“ஓட்டுப் போட்டு ஏத்தின ஆளை ஓட்டுதான் இறக்கணும்னு நான் நினைக்கிறேன். நீங்க அப்படி நினைக்கலை. அவ்வளவுதான்.”

போராவிடம் பதில் இருந்தது. அரை மணி நேரம் பேசும் அளவுக்கு இருந்தது. ஆனால் தன்னிடம் யாராவது ‘ஆனா’ என்று சொல்லி எத்தனை மாதம் ஆகிவிட்டது என்ற நினைப்பு குறுக்கே வந்து விழுந்தது. அவளுடைய அரட்டைக் குழுவில் அந்தச் சொல்லே கிடையாது. ஒருத்தி ஒன்று எழுதினால் மற்றவர்கள் இதயம் போடுவார்கள். போடாதவள் கவனிக்கப்படுவாள்.

மழை விடவில்லை. அவனிடம் ஒரு குடை இருந்தது. சுரங்க ரயில் நிலையம் வரை வரட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்று சொல்ல நினைத்தவள் ஏனோ சொல்லவில்லை. வழியில் அவள் ஷூ நாடா அவிழ்ந்துகொண்டது. விளக்கை அவன் கையில் திணித்துவிட்டுக் குனிந்தாள். நிமிர்ந்தால்... ஒரு கையில் கொடியும் குடையுமாக, மறு கையில் அவள் விளக்கை ஆட்டிக்கொண்டு அசட்டுச் சிரிப்போடு நிற்கிறான்!

“ஐயோ, உங்க ஆளுங்க பார்த்தா உங்க தோலை உரிச்சுடுவாங்க!” அவளுக்குச் சிரிப்பு தாளவில்லை.

“உரிச்சா உரிக்கட்டும். என் பேர் இன்சூ. மாங்வொன் சந்தைக்குப் பின்னாடி எங்க அம்மாவோட கல்குக்சு கடை. கத்தியால நறுக்கின நூடுல்ஸ், சிப்பி போட்ட சூப்பு. சண்டை பாக்கி இருக்குன்னு தோணினா வாங்க.”

ரயிலில் வரும் வழியெல்லாம் கண்ணாடியில் தெரிந்த தன் முகம் சிரித்துக்கொண்டிருந்ததை அவள் பார்த்தாள்...

வீட்டுக்குள் நுழைவதற்கு முன்பே அந்தச் சிரிப்பு ஊர் முழுக்கப் போய்விட்டிருந்தது.

யாரோ சாலையின் எதிர்ப்புறத்திலிருந்து எடுத்த படம். ஒரே குடை. விளக்கை ஆட்டும் கொடிக்காரன். வாய்விட்டுச் சிரிக்கும் போரா. ‘எதிரியோடு கொஞ்சல்’ என்று ஒரு தளத்தில். ‘விலை போன கொடி’ என்று இன்னொன்றில். கீழே கருத்துகள் வந்து விழுந்துகொண்டே இருந்தன. அவள் முகத்தைப் பற்றி, உடம்பைப் பற்றி, அவளுக்கு இருக்க வேண்டிய வியாதிகளைப் பற்றி.

ஹேரிம் கைப்பேசியில் கூப்பிட்டாள். குழுவை நடத்துகிறவள், போராவைவிட ஐந்து வயது மூத்தவள். போராவின் அம்மா இறந்தபோது, துக்கம் கேட்க வந்தவர்களுக்கெல்லாம் காரச் சூப் ஊற்றிக்கொண்டு மூன்று நாளும் துக்கக் கூடத்தை விட்டு நகராமல் நின்றவள்.

“என்னடி இது?”

“மழை பெஞ்சுது அக்கா. குடையில வந்தேன். வேற ஒண்ணும் இல்லை.”

“அவன் யாருன்னே தெரியாதுன்னு எழுதிடு. பொண்ணுங்க எல்லாம் கொதிச்சுப் போயிருக்காங்க. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

எல்லோரும் பார்க்கும் தன் இணையப் பக்கத்தில் போரா எழுதினாள். ‘அந்த ஆள் யாரென்றே எனக்குத் தெரியாது. பக்கத்தில் நின்றதை நினைத்தாலே அருவருப்பாக இருக்கிறது.’

இதயங்கள் கொட்டின. பயம் நின்றது. பல் துலக்கும்போதுதான் உறைத்தது... தெரியாது என்று மட்டும்தான் ஹேரிம் எழுதச் சொன்னாள். அருவருப்பு என்பது அவளே போட்ட சொல்.

அந்தச் சொல் போதுமானதாக இருந்தது. இரண்டே நாளில் அவள் பக்கத்து ஆட்கள் அவன் கடையைக் கண்டுபிடித்துவிட்டார்கள். தான் வேலை பார்க்கும் பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து, மதிய இடைவேளையில் அந்தக் கடைக்கு வந்த இணைய விமர்சனங்களைப் போரா படித்தாள். ‘சூப்பில் புழு.’ ‘கிழவி எச்சில் கையால் பரிமாறுகிறாள்.’ ‘கடை இழுத்து மூடும்வரை விடாதீர்கள்.’ எல்லாவற்றுக்கும் ஒற்றை நட்சத்திரம். அந்தத் தெருப் பக்கமே போகாதவர்கள். சிலருடைய பெயர்கள் அவளுக்குத் தெரிந்த பெயர்கள். அவளுடைய பிறந்தநாளுக்குக் கேக் அனுப்பியவர்கள்.

ஞாயிற்றுக்கிழமை அந்தக் கடையைத் தேடிப் போனாள்.

சாப்பாட்டு நேரம். மேசைகள் காலி. குட்டையான ஓர் அம்மா துடைத்த மேசையையே துணியால் மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார். போராவைக் கண்டதும் முகம் மலர்ந்தது. “வாம்மா, வா! தனியாவா வந்தே? அடுப்புகிட்ட உட்காரு, கதகதப்பா இருக்கும். இன்சூ, ஒரு கல்குக்சு!”

சமையலறைத் திரை விலகியது. முழங்கை வரை மாவோடு இன்சூ நின்றான். அந்தக் கண்களில் இப்போது சிரிப்பு இல்லை.

“இவங்களுக்குப் பரிமாற வேண்டாம்மா. அருவருப்பா இருக்கும்.”

போரா ஓரடி முன்னால் வந்தாள். “நான்... மன்னிப்புக் கேட்கத்தான்...”

“என் ஆளுங்களும் எழுதச் சொன்னாங்க. நீங்களா வந்து வழிஞ்சீங்கன்னு எழுதணுமாம். முடியாதுன்னேன். துரோகின்னு தூக்கி வெளியே போட்டாங்க. போகட்டும். கடைக்கு ஆள் வரலை. அதுவும் போகட்டும். நீங்க எழுதின அந்த ரெண்டு வரியைத்தான் திரும்பத் திரும்பப் படிச்சேன். அன்னிக்கு என் பக்கத்துல நின்னு சிரிச்சது யாருங்க?”

போரா வாசல் பக்கம் திரும்பினாள். அந்த அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். துணியைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

சந்தை முனையில் மீன்கடைக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சு இருந்தது. போரா அங்கேயே உட்கார்ந்து எழுதினாள்.

‘நான் பொய் சொன்னேன். அவர் பெயர் எனக்குத் தெரியும். என்னை நனையாமல் கொண்டுபோய் விட்டார். அதிபர் விஷயத்தில் அவர் சொல்வது முழுக்கத் தவறு என்று நினைக்கிறேன், இப்போதும். அவரோடு நின்றது எனக்கு அருவருப்பாக இல்லை, சந்தோஷமாக இருந்தது. அந்தக் கடையில் நீங்கள் யாரும் சாப்பிட்டதில்லை. எழுதியதை எடுத்துவிடுங்கள்.’

ஒருமுறை படித்துப் பார்த்தாள்... அனுப்பிவிட்டாள்.

கைப்பேசியில் ஹேரிமின் குரல் அழுதுகொண்டே வந்தது. “அழிச்சிடு போரா. கெஞ்சிக் கேட்கிறேன்.”

“முடியலை அக்கா.”

“எவனோ ஒருத்தனுக்காக எங்களை விடறியா?”

“நான் உங்களை விடலை அக்கா. என்னை வச்சுக்கங்களேன்... இப்படியே வச்சுக்கங்களேன்.”

இணைப்பு அறுந்தது. சற்று நேரத்தில் குழுவின் பெயர் அவள் கைப்பேசியிலிருந்து மறைந்தது. மீன்காரர் ஐஸ் கட்டிகளை அள்ளிக் கொட்டும் ஓசையைக் கேட்டபடி அவள் வெகுநேரம் அங்கேயே இருந்தாள். அம்மாவின் நினைவு வந்தது. அன்று சூப் ஊற்றிய கைகளின் நினைவும் வந்தது.

அவள் எழுதியதால் பெரிதாக ஒன்றும் மாறிவிடவில்லை. நாலைந்து பேர் தங்கள் நட்சத்திரத்தை எடுத்தார்கள். புதிதாகப் பலர் போட்டார்கள்.

தீர்ப்பு ஒரு வெள்ளிக்கிழமை காலையில் வந்தது. அதிபர் நீக்கப்பட்டார். மருத்துவமனைத் தொலைக்காட்சியின் முன்னால் செவிலிகள் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். போராவும் அழுதாள். குளிரிலும் பனியிலும் நின்ற நாட்களெல்லாம் நினைவுக்கு வந்தன. உண்மையான ஆனந்தம்தான். ஆனால் கூப்பிட்டுச் சொல்ல எண் இல்லை. குழுவினர் எல்லோரும் சதுக்கத்தில் கூடியிருப்பார்கள்.

மதியத்துக்கு மேல் விடுப்புச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். கால்கள் சதுக்கத்துக்குப் போகவில்லை.

கடை வாசலில் அந்த அம்மா பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்.

“வந்துட்டியா? நீ ஜெயிச்சுட்டே, அவன் தோத்துட்டான். அதுக்காக என் பூண்டை யாரும் உரிச்சுத் தரலை.”

“அம்மா... நீங்க எந்தப் பக்கம்?”

“பெத்த பிள்ளைகிட்டயே சொன்னதில்லை, உன்கிட்ட சொல்வேனா? சொல்லியிருந்தா இத்தனை வருஷம் இந்த வீட்ல சோறு பொங்கியிருக்குமா?” தலையால் உள்ளே காட்டினார். “நீ எழுதினதைப் பக்கத்துக் கடைக்காரி படிச்சுக் காட்டினா. அவனும் படிச்சான். போ. காலையிலேருந்து வாயைத் திறக்கலை.”

உள்ளே இன்சூ மாவைத் தேய்த்துக்கொண்டிருந்தான். கண்கள் சிவந்திருந்தன. போரா எதிரே உட்கார்ந்தாள்.

“ஆறுதல் சொல்ல வந்தீங்களா?”

“இல்லை. எனக்குச் சந்தோஷம்தான். பொய் சொல்ல மாட்டேன், இனிமே சொல்லவே மாட்டேன். நீங்க எப்படி இருக்கீங்கன்னு பார்க்கணும்னு தோணுச்சு. அவ்வளவுதான்.”

அவன் மாவை மடித்தான். கத்தி மெல்ல, சீராக இறங்கியது.

அப்போது தெருமுனையில் பாட்டுச் சத்தம். சதுக்கத்திலிருந்து திரும்பும் பெண்கள், கைகோத்து, ஆடிக்கொண்டு வந்தார்கள். இன்சூ கத்தியை வைத்துவிட்டு வாசலுக்கு நடந்தான். கதவைச் சாத்தத்தான் போகிறான் என்று போரா நினைத்தாள். சாத்தட்டும், அவன் வலி அவனுக்கு.

அவன் கதவை அகலத் திறந்துவிட்டான்.

“உங்க ஆளுங்க பாடறாங்க. நீங்க குளிர்ல நின்னு வாங்கினது... போய்ப் பாருங்க.”

போரா எழுந்து வாசலுக்கு வந்தாள். கூட்டம் அவர்களைக் கடந்து போனது. யாரும் அவளை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. அவளுக்கு அழுகையாக வந்தது. எதற்கென்று அவளுக்கே தெரியவில்லை, வென்றதற்கா, இழந்ததற்கா, இவன் இந்தக் கதவைத் திறந்ததற்கா...

“இன்னிக்கு யார் முகத்தையும் பார்க்க எனக்குப் பிடிக்கலைங்க” என்றான் இன்சூ, தெருவைப் பார்த்தபடியே. “ஆனாலும் காலையிலேருந்து இந்த வாசலையே பார்த்துட்டிருந்தேன். நீங்க வருவீங்களான்னு.”

மாவு அப்பிய அவன் கையை அவள் பிடித்துக்கொண்டாள். வாசலில், எல்லோரும் பார்க்கும் தெருவில்.

“எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு, இன்சூ. நீங்க நினைக்கிறது எதுவும் பிடிக்கலை. உங்களைப் பிடிச்சிருக்கு.”

“எதுவுமேவா பிடிக்கலை?”

“ஒண்ணுகூட.”

அவன் அவளைப் பார்த்தான். நெடுநாளுக்குப் பிறகு அந்தக் கண்களில் சிரிப்பு ஊறியது.

“எனக்கும் அப்படியேதாங்க” என்றான்.