பீட்டர் வீட்டுக் காற்று!

செல்போன் அலறியது.

ரகுராம் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தான்.

'பீட்டர் வீடு... காற்று மிக மோசம்!'

சிவப்பு எழுத்து. இன்றைக்கும்!

பீட்டர் செத்து மூன்று வாரம் ஆகிறது. கல்லறைமேல் பூசிய சிமென்ட் கூட இறுகியிருக்கும். ஆனால் அவர் வாங்கி வைத்த காற்றுப் பெட்டி மட்டும், சாயங்காலம் ஆனால் போதும், ரகுராமைத் தேடிப் பிடித்துக் கூப்பிடுகிறது.

சந்தாபுராவைத் தாண்டியதும் வருகிறதே, வஜ்ரதாரா எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை... பெங்களூரின் கார்களும் லாரிகளும் கக்கிய பழைய எண்ணெயைக் காய்ச்சிப் புது எண்ணெயாக்கும் ஆலை... அதன் சுற்றுச்சூழல் மேனேஜர் ரகுராம். சிம்னிக்கு எதிரே இருக்கும் லேஅவுட் குடியிருப்புக்காரர்கள் வீட்டுக்கு ஒரு சின்னப் பெட்டி வாங்கியிருந்தார்கள். காற்றில் புகை ஏறினால் பெட்டி கண்டுபிடித்துவிடும். ஆப் வைத்திருக்கும் எல்லோர் போனிலும் மணி அடிக்கும். அந்த யோசனையே அங்கே குடியிருந்த பீட்டருடையதுதான்.

மற்ற வீட்டுப் பெட்டிகள் எல்லாம் பச்சை.

பீட்டர் வீடு மட்டும் சிவப்பு!

முதலாளி பக்தவச்சலத்துக்குப் போன் போட்டான்.

"சார்... மறுபடியும்."

"என்னய்யா மறுபடியும்?"

"பீட்டர் வீட்டுப் பெட்டி... செவப்பு காட்டுது சார்."

"யோவ், பிளான்ட்ட நிறுத்தி பத்து நாள் ஆச்சு! ஊருக்குத் தெரியக்கூடாதுன்னு வெறும் நீராவிய விட்டுட்டிருக்கோம். பொகை எங்கேர்ந்துய்யா வரும்?"

"அதான் சார் எனக்கும் புரியல..."

"நாளைக்கு மக்கள் கருத்துக் கேட்பு. 'ஃபுல் லோடுல ஓட்டறோம், காத்து சுத்தமா இருக்கு'ன்னு சொல்லி ஆலைய ரெண்டு மடங்கு பெருசாக்க பர்மிஷன் வாங்கணும். பீட்டர் பொண்டாட்டி எந்திரிச்சு இந்தச் செவப்பக் காட்டினா என்ன பண்ணுவ?"

"சமாளிக்கிறேன் சார்."

"சமாளிச்சா நீ டைரக்டர். இல்லன்னா பழைய எண்ணெய் மாதிரி உன்னையும் கீழ ஊத்திட்டு வேற ஆள போடுவேன்!"

லைன் அறுந்தது.

ஆலை நின்றிருப்பது ஊருக்குத் தெரியாது. ரகுராமுக்குத் தெரியும். அதனால்தான் இந்தப் பயமும் அவனுக்கு மட்டும். ஓடாத ஆலை புகை விடாது. அப்படியானால் அந்த வீட்டில் புகை விடுவது... யார்?

வீ... ஈ... ஈ...!

தூக்கிவாரிப் போட்டது. திரும்பினான்.

பக்கத்து வீட்டுக் குக்கர்!

பீட்டரின் மூச்சும் அப்படித்தான் விசிலடிக்கும். பாதி ஆயுசைக் கோலார் தங்கவயல் சுரங்கத்தில் கழித்தவர். தங்கம் வேறு யாருக்கோ போனது. தூசி மட்டும் அவர் நுரையீரலில் தங்கிவிட்டது.

மூன்று வாரம் முன்னால், அன்று சாயங்காலம் கொட்டும் மழை. பீட்டரின் மனைவி ரோஸி தங்கவயலில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். ரகுராம் அந்த வீட்டுப் படி ஏறியது அதுதான் முதல் தடவை. கெஞ்சத்தான் போனான். பீட்டர் கட்டிலில் சாய்ந்தபடி சிரித்தார்.

"சிம்னி வாய்ல ஒரு வடிகட்டி போடுங்க தம்பி. நான் வேற என்ன கேட்டேன்?"

"அது இப்போதைக்கு ஆகாது சார். ஆலை மேல நீங்க குடுத்த மனுவ வாபஸ் வாங்கிக்கங்க."

"அப்ப கோர்ட்டுக்குப் போறேன். இருட்டினப்புறம் நீங்க விடற கந்தகப் பொகை முச்சூடும் இதுல ஏறியிருக்கு."

கட்டிலுக்குப் பக்கத்தில், ஸ்டூல் மேல், அந்தப் பெட்டி. அதில் ஒரு பச்சை விளக்கு மினுக்... மினுக்...

ரகுராமின் கை தலையணையைத் தேடியது.

கொஞ்ச நேரத்தில் விசில் நின்றுபோனது. பச்சை விளக்கு மட்டும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தது.

'மூச்சுத் திணறல்' என்று எழுதிக் கொடுத்தார் டாக்டர். யாரும் சந்தேகப்படவில்லை. ஆனாலும் அதற்குப் பிறகு ரகுராம் அந்தத் தெருப் பக்கம் தலை வைத்துக்கூடப் படுக்கவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்காமல் என்ன செய்யும்?

மறுநாள் காலை. சந்தாபுரா கல்யாண மண்டபம் நிரம்பி வழிந்தது. வாசலில் பந்தோபஸ்துக்கு நின்ற இன்ஸ்பெக்டர் ஸ்வர்ணா ரகுராமைப் பார்த்துச் சிரித்தாள்.

"நமஸ்காரா சார். பீட்டர் வீட்டுப் பக்கம் ரோடு ஒரே பள்ளம். உங்க கம்பெனியாவது போட்டுக் குடுக்கக் கூடாதா?"

"அப்படியா மேடம்? நான் அந்தத் தெருவுக்கே போனதில்ல."

"ஓ... போனதே இல்லியா. சரி, உள்ள போங்க சார்."

மேடையில் தலைமை அதிகாரி. ஓரத்தில் வீடியோ கேமரா. முன் வரிசையில் பக்தவச்சலம். அதே வரிசையின் மறு கோடியில், மடியில் பீட்டரின் போட்டோவோடு ரோஸி. போட்டோ ரகுராமையே பார்த்தது.

லட்சுமம்மா மைக்கைப் பிடித்தாள். லேஅவுட் முனையில் பூ விற்கிறவள்.

"ஏன் சாமி, போன மாசமெல்லாம் பொழுது போனா எங்க வீட்டுக் கொழந்த எக்கி எக்கி மூச்சு உட்டுச்சு. பொகைக்கு ஒரு அளவு வெக்க மாட்டீங்களா?"

ஆலைத் தொழிலாளி பரத் எகிறினான்.

"அளவு, ரூல்ஸுன்னு ஆரம்பிச்சா கம்பெனிய மூடிட்டுப் போயிடுவாங்க! அப்புறம் பக்கத்து ஹெப்பகோடில எனக்கு யாரு வேலை குடுப்பா?"

"வேலை பேடா, வேணாம்னு யாருப்பா சொன்னா? வேலைக்குப் போறதுக்கு மூச்சு ஓணுமா இல்லியா?"

பரத் தலையைச் சொறிந்துகொண்டே உட்கார்ந்துவிட்டான்.

ரகுராம் எழுந்து மேடையேறினான். திரையில் படம் ஓடியது.

"ஆலை ஃபுல் லோடுல ஓடிட்டிருக்கு. ஆனாலும் பாருங்க... நீங்க வச்ச பெட்டி எல்லாமே பச்சை! இதுக்கு மேல கட்டுப்பாடு எதுக்கு?"

கைதட்டல். பக்தவச்சலம் கட்டை விரலை உயர்த்தினார்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். ரகுராமின் புளுகு மூன்று வாரம் ஓடிவிட்டது. கொஞ்சம் அதிகம்தான்!

ரோஸி எழுந்து மைக் அருகே வந்தாள்.

"என் வீட்டுக்காரர் பெட்டி மட்டும் ஏன் சார் தெனம் செவக்குது?"

மண்டபமே அவளைத் திரும்பிப் பார்த்தது.

"செத்தும் அவருக்கு மூச்சு முட்டுது சார்..."

மைக் கிரீச்சிட்டது.

வீ... ஈ... ஈ...!

அதே விசில்! ரகுராம் போட்டோவைத் திரும்பிப் பார்த்தான். போட்டோவின் உதடுகள் அசைந்தன. சத்தியமாக அசைந்தன!

"நிறுத்துங்க!" என்று கத்தினான். "அது ஃபேக்டரி பொகையே இல்ல! காத்துப் பெட்டிய வீட்டுக்கு வெளில மாட்டணும். அதான் விதி. கட்டிலுக்குப் பக்கத்துல ஸ்டூல் போட்டு வச்சா? அந்த ரூம்ல நீங்க சாம்பிராணி போடறீங்க, பெட்டி அத அளக்குது! இந்த ரீடிங் செல்லாது!"

ஆலைக்காரர்கள் கை தட்டினார்கள். ரகுராமுக்கு நெஞ்சு லேசானது. சாம்பிராணி! இவ்வளவுதானா? இதற்கா இத்தனை நாள் தூக்கம் கெட்டோம்?

லட்சுமம்மா கன்னத்தில் கை வைத்தாள்.

"ஏன் சாமி... அந்தப் பெட்டி வாசல் கேட்டுலல்ல தொங்குது? நான் தெனம் பாக்கறேனே!"

லேஅவுட்காரர்கள் எல்லோரும் "ஆமா, ஆமா" என்றார்கள்.

ரகுராமின் சிரிப்பு பாதியில் நின்றது.

ரோஸியின் குரல் உடைந்தது.

"ஒரே ஒரு நாள்தான் அது உள்ள இருந்துச்சு. அன்னிக்கு மழ. 'சாரல் அடிக்குது ரோஸி, பெட்டியக் கழட்டிக் கட்டிலாண்ட வச்சுட்டேன்'னு போன்ல சொன்னாரு. காலைல வந்து கதவத் தொறந்தது நான். ஆளுங்க வர்றதுக்கு முன்னாடி பெட்டிய எடுத்து ஓரமா வச்சதும் நான், சாயங்காலமே திரும்ப மாட்டினதும் நான். எங்க ரெண்டு பேர தவிர யாருக்குமே தெரியாது சார்!"

"நான்... சும்மா ஊகிச்சேன்..."

"ஸ்டூலையுமா?"

கேட்டது ஸ்வர்ணா. எப்போது மேடையேறினாள் என்றே தெரியவில்லை.

"சாம்பிராணின்னு சொன்னீங்களே, அது மட்டும் கரெக்ட் சார். பத்து நாளா உங்க ஆலைக்கு ஒரு எண்ணெய் லாரிகூட வரல. அப்பவே நிறுத்திட்டீங்கன்னு தெரிஞ்சுபோச்சு. சாவுல சந்தேகம்னு எங்கிட்ட வந்த ரோஸியக்காவ தெனம் கேட்டுல தொங்கற பெட்டிக்குக் கீழ சாம்பிராணி போடச் சொன்னேன். யாரு பயப்படறாங்கன்னு பாக்கலாம்னுதான். நீங்க இவ்ளோ வெவரமா சொல்வீங்கன்னு நானே நெனைக்கல!"

"பொய்! அவர் மூச்சு முட்டித்தான்..."

"மூணு தலகாணி வச்சு சாஞ்சுதான்யா தூங்குவாரு என் மனுஷன்!" ரோஸி கதறினாள். "மல்லாந்து படுத்தா அவருக்கு மூச்சே வராது. நான் வந்து பாக்கறப்ப ஒத்தத் தலகாணில மல்லாந்து கெடந்தாரு. அப்பவே எனக்குத் தெரியும்!"

அவள் அழுத அழுகையில் பரத்தும் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

ரகுராம் முன் வரிசையைப் பார்த்தான். பக்தவச்சலத்தின் நாற்காலி காலி. ஓரத்தில் வீடியோ கேமராவின் சின்ன விளக்கு அவனையே பார்த்துக்கொண்டிருந்தது. மினுக்... மினுக்...

"இனிமே நான் எதுவும் பேச மாட்டேன். வக்கீல் வரட்டும்!"

ஸ்வர்ணா விலங்கை மாட்டினாள்.

"பீட்டர் சார் சிம்னி வாய்க்கு வடிகட்டி போடச் சொன்னாரு. அத மொதல்ல உங்க வாய்க்குப் போட்டிருக்கணும் சார்!"