அரை நூல் இடப்பக்கம்

அன்று மதியம் பூட்டுப் பட்டறையில் இருந்தவர்கள்: ரீனா, முதலாளி குர்ஷித் பேகம். ஞாயிற்றுக்கிழமை. வேறு யாரும் வரவில்லை.

ஓட்டை அரை நூல், அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு, இடப்பக்கம் தள்ளி விழுந்திருந்தது.

ரீனா பித்தளைத் தகட்டைச் சாய்த்துப் பார்த்தாள். ஓட்டைக்குக் குறியாக அவள் பஞ்ச் அடித்த குழி நடுவில் அப்படியே இருந்தது. துளை போடும் மேசை மிஷினின் சின்ன பிட் அதைத் தொடாமல் பக்கத்தில் இறங்கியிருந்தது.

"மில்லு நைட் ஷிப்டுல தூங்காம கெட்ட கை" என்றாள் பேகம்.

"கையில ஒண்ணுமில்ல பாயம்மா."

"அப்ப மிஷின் பொய் சொல்லுதாக்கும். என் தம்பி முனீரு அத்தர் பூசிக்கிட்டு வந்து பதினோரு வருசம் ஓட்டுனான். அவன் மவுத்தானதுலருந்து யாருக்கும் மசியல. இன்னைக்கு ஒரு ஓட்டை நேரா விழுந்தா இந்த எடம் உனக்கு. இல்லன்னா மறுபடி மில்லுக்குப் போ."

"மில்லுக்குப் போக மாட்டேன்."

பேகம் சிரித்துக்கொண்டே தொழுகைக்கு வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்தே வைத்துவிட்டுப் போனாள். கதவின் வெளிப்புறக் கொண்டியில் முனீரின் பூட்டு திறந்தபடி தொங்கியது. மிஷினில் உட்காருகிறவர் செய்யும் முதல் பூட்டு வாசலில் தொங்கவேண்டும், அடுத்த ஆள் பூட்டு வரும்வரை. பட்டறை வழக்கம். முனீர் இறந்தபோதே அதன் சாவியும் காணாமல் போயிருந்தது. அமுக்கினால் பூட்டிக்கொள்ளும் ரகமில்லை அது. சாவி போட்டுத் திருப்பினால்தான் பூட்டும்.

ரீனா பிட்டை மாற்றினாள். வளைந்த கம்பி ஒன்றைப் பிட் மாட்டும் சக்கில் மாட்டிக் கையால் சுற்றினாள். அதன் நுனி மேசையைச் சுற்றிலும் ஒரே மாதிரி உரசியது. மேசையில் சாய்வில்லை. தகட்டை வைஸ் பிடியில் இறுக்கி, வைஸை மேசையோடு போல்ட் போட்டு முடுக்கினாள். மிஷினை ஓட்டினாள். சுட்ட எண்ணெயின் நெடி, பெல்ட்டின் உறுமல், வெயிலில் தகரக்கூரை விரிந்து முனகும் சத்தம், இவற்றுக்கு அடியில் மெல்லியதாக ஒரு அத்தர் வாசனை.

அரை நூல். இடப்பக்கம்.

அடுத்த தகட்டில் வேண்டுமென்றே அரை நூல் வலப்பக்கம் பஞ்ச் அடித்தாள். ஓட்டை பழைய இடத்திலேயே விழுந்தது. குறி எங்கே இருந்தாலும் அதற்குக் கவலையில்லை.

இன்னொரு தகட்டில் நடுவில் பஞ்ச் அடித்து வைத்தபோதுதான் கவனித்தாள். கைப்பிடியை இறக்கும்போது ஒரு கனம். மிஷினின் கனம் இல்லை. அவள் புறங்கையின் மேல். ஈரமாக. குளிர்ந்து. அவள் விரல்களுக்கு இடையில் ஐந்து விரல்கள்.

கையை உதறவில்லை.

"கைய எடுங்க பாய்."

பெல்ட் உறுமியது.

"பதினோரு வருசம் உக்காந்தீங்கல்ல. போதும். இது என் எடம்."

கனம் கூடியது. மணிக்கட்டு எலும்பு நெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இறக்கினாள். மெதுவாக. பிட் குழியைத் தொட்டது. நழுவப் பார்த்தது. விடவில்லை. பித்தளைச் சுருள் எழுந்தது.

கனம் போய்விட்டது.

ஓட்டை நடுவில் இருந்தது. மயிரிழை பிசகவில்லை.

புறங்கையில் ஐந்து நீலத் தடங்கள். அவள் துடைக்கவில்லை. அடுத்த தகட்டை எடுத்து வைஸில் வைத்தாள்.

முதுகுக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது. கொண்டி விழுந்தது.

"பாயம்மா?"

அத்தர் வாசனை இன்னும் அவள் பிடரியில்தான் இருந்தது.

வெளியே முனீரின் பூட்டுக்குள் காணாமல் போயிருந்த அந்தச் சாவி நுழைந்து, அவசரமில்லாமல், இரண்டு சுற்று திரும்பியது.