ஆணியில் தொங்கிய சாவி

ஆணியில் தொங்கிய சாவி ஆடிக்கொண்டிருந்தது.

முதலாளி ஷட்டரைப் பாதி தூக்கியபடி அப்படியே நின்றார். விடுமுறை நாளின் மத்தியானம். நேற்று அவரே பூட்டிவிட்டுப் போன சோப்புத் தொழிற்சாலை. மின்விசிறி ஓடவில்லை, ஜன்னல்கள் சாத்திக் கிடந்தன, எலுமிச்சை வாசனையும் கார நெடியும் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே ஊறிப் போயிருந்தன. மெயின் சுவிட்சுக்குப் பக்கத்தில் அந்தச் சாவி மட்டும், யாரோ இப்போதுதான் மாட்டிவிட்டுப் போனதுபோல், சுவரில் உரசி உரசி ஆடியது. பல்லியாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டார். பல்லி எதுவும் கண்ணில் படவில்லை.

நாளைக் காலையில் பாதுகாப்பு ஆய்வாளர் வருகிறார். போன தடவையே முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுப் போனவர்: "வேலை செய்யறவங்க உயிருக்குச் சட்டப்படி நீங்கதான் சார் பொறுப்பு. அடுத்த தடவையும் இப்படியே இருந்தா சீல் வெச்சிடுவேன்."

சீல் வைத்தால் எல்லாம் போச்சு. அவர் வருமுன் கலவை டிரம்மின் உள்ளே கல்லாய் இறுகிய சோப்பைச் சுரண்டியாக வேண்டும். ஆட்களோ இறங்க மாட்டோம் என்று கையை விரித்துவிட்டார்கள்.

அதற்குக் காரணம் அந்தச் சாவிதான். டிரம்முக்குள் இறங்குபவர், வேறு யாரும் அதை ஓட்டிவிடாதபடி சுவிட்சில் பூட்டுப் போட்டு, சாவியைத் தன் பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். வேறு சாவி இருக்கவே கூடாது. முதலாளிக்கு அது பொறுக்கவில்லை. பூட்டைப் போட்டவன் டீக்குப் போனால் நான் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பதா என்று இன்னொரு சாவி செய்து ஆணியில் மாட்டிவிட்டார். அவசரமென்றால் திறப்பார். "உள்ள யாராச்சும் இருக்கீங்களா?" என்று ஒரு குரல் கொடுப்பார். "யாருமில்ல, போட்டுருவோம்" என்று பதிலையும் அவரே சொல்லி சுவிட்சைப் போடுவார். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் கொட்டாவி விடக்கூட நேரமிருக்காது. ஒருமுறை மேஸ்திரி சட்டையின் ஒரு கையை உள்ளே பறிகொடுத்துவிட்டு வெளியே விழுந்தார். முதலாளி அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். மேஸ்திரி சிரிக்கவில்லை.

இன்று எல்லாம் முறைப்படி. பூட்டைப் போட்டார். சாவியைச் சட்டைப் பையில் போட்டுத் தட்டிப் பார்த்துக்கொண்டார். சோப்பு வழுக்குமென்று செருப்பைக் கழற்றிச் சுவரோரம் விட்டார். ஏணியில் ஏறி ஒரு காலை டிரம்முக்குள் வைத்தபோது போன் அடித்தது. மனைவி.

"தனியாவா இறங்குறீங்க?"

"பின்ன, ஊரைக் கூட்டிக்கிட்டா இறங்குவாங்க?"

"அந்த இன்னொரு சாவி?"

"ஆணியில இருக்கு."

"அதையும் எடுத்துப் பையில போட்டுக்கோங்க. எனக்கு என்னவோ மாதிரி இருக்கு."

மறுபடி இறங்க வேண்டும், ஏற வேண்டும். முழங்கால் இப்போதே முனகியது. "அடி, அந்தச் சாவியை என்னைத் தவிர வேற யாரு தொடுவா? நான்தான் உள்ள இருக்கப்போறேனே."

அவள் ஏதோ சொல்ல வந்தாள். போனை டிரம்மின் விளிம்பில் வைத்துவிட்டு உள்பக்க ஏணியில் இறங்கினார்.

உள்ளே அவருடைய மூச்சே அவருக்குப் பெரிதாகக் கேட்டது. இரண்டு பக்கமும் கலக்கும் இரும்புக் கைகள் வளைந்து நின்றன. குனிந்தால் ஒன்று முதுகில் இடித்தது, நகர்ந்தால் இன்னொன்று முழங்காலில். தலைக்கு மேலே வட்டமாகக் கொஞ்சம் வெளிச்சம். சுரண்டினார். சோப்புத் தூள் மூக்கில் ஏறித் தொண்டையில் ஒட்டியது. சுரண்டும் சத்தத்துக்கு நடுவே வெளியே ஏதோ உரசியது. அவர் நிறுத்தினார். அதுவும் நின்றது.

சாவிதான். காற்று.

காற்று எங்கிருந்து வந்தது?

அடுத்த சத்தம் அவருக்கு நன்றாகத் தெரிந்தது. வலது செருப்பு மட்டும் கீச்சிடும். மாதக்கணக்கில் மாற்ற நினைத்து மாற்றாத செருப்பு. கீச். பிறகு இடது கால். கீச். சுவரோரத்திலிருந்து சுவிட்சுப் பக்கம், அவசரக்காரனின் நடை.

அவருடைய வெறுங்கால் விரல்கள் சோப்பில் மடங்கின.

பயந்தார். இவ்வளவு பயம் தன்னிடம் இருந்ததென்றே அவருக்குத் தெரியாது.

கத்த வாயைத் திறந்தார். வறண்ட இருமல்தான் வந்தது. ஏணிக்குத் தாவினார். முதல் படி வழுக்கியது. விழுந்தார். இரும்புக் கை இடுப்பில் பட்டது.

வெளியே பூட்டு திறந்தது.

அதை மேசைமேல் வைக்கும் சத்தம். சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். அவருடைய சாவி அங்கேயே இருந்தது.

செருமல். அவருடைய செருமல்.

"உள்ள யாராச்சும் இருக்கீங்களா?"

அவருடைய குரல்.

"நான் இருக்கேன்! நான் உள்ள இருக்கேன்!"

அவர் கத்தியது டிரம் முழுக்க முழங்கியது. வெளியே கேட்காமல் இருக்க வழியே இல்லை.

"யாருமில்ல" என்றது வெளியே இருந்த குரல், திருப்தியாக. "போட்டுருவோம்."

அவருடைய முழங்காலை ஒட்டி நின்ற இரும்புக் கை மெதுவாக நகரத் தொடங்கியது.