எட்டாத சங்கிலி

மத்தியான ரயில், மூன்றாவது பெட்டி, ஜன்னலோர இருக்கை. ஓய்வு பெற்றவனுக்கு இதைவிட என்ன சொர்க்கம் வேண்டும்? எதிரே ஒரு புதுமணத் தம்பதி. உட்கார்ந்ததும் என் விபத்துக் கதையை அவிழ்த்துவிட்டேன்.

ஆறு வருடத்துக்கு முன்னால் இதே தடத்தில் கவிழ்ந்த ரயிலில் நானும் இருந்தேன். அது நிஜம். அபாயச் சங்கிலியை இழுத்ததே நான்தான், ஒற்றைக் கையால் நாற்பது பேரை வெளியே தூக்கிப் போட்டேன் என்பதெல்லாம் என் கைச்சரக்கு. முதலில் நான்கு பேராகத்தான் இருந்தார்கள். வருடா வருடம் பெருகிவிட்டார்கள்.

"நாப்பது பேரா! இடுப்பு பிடிச்சுக்கலையா, தாத்தா?" என்றாள் புதுப்பெண்.

"எனக்கெங்கே? ரயிலுக்குத்தான்மா பிடிச்சுக்கிச்சு!"

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்போதுதான் அந்த வாடை வந்தது. கருகிய கிரீஸ். காலடியிலிருந்து.

"ஏதோ கருகலையா?"

"இல்லையே, தாத்தா."

அன்றைக்கும் இதே வாடைதான். பக்கத்தில் ஒரு தையற்காரம்மா, குள்ளமானவள், மடியில் துணிமூட்டையோடு உட்கார்ந்திருந்தாள். "அண்ணே, அடியில ஏதோ கருகுது. சங்கிலிய இழுங்க. எனக்கு எட்டல."

சங்கிலி என் தலைக்கு மேலேதான் இருந்தது.

"எஞ்சின் பீடி குடிக்குதும்மா," என்றேன். பெட்டியே சிரித்தது. அவள் மறுபடியும் கேட்டாள். சிரித்தவர்கள் முன்னால் பயந்தவனாகத் தெரிய எனக்கு மனமில்லை.

சூடேறிய அச்சு முறிந்து பெட்டி கவிழ்ந்ததில் பதினோரு பேர் செத்தார்கள். இந்தக் கணக்கை நான் கூட்டவில்லை. அவளும் அதில் ஒருத்தி.

இப்போது வாடை கூடியது.

பக்கத்து இருக்கை காலி.

அங்கிருந்து என் காதோரம் மூச்சுக் காற்று பட்டது.

"அண்ணே. எனக்கு எட்டல."

எழுந்து, சங்கிலியைப் பிடித்து இரண்டு கையாலும் தொங்கினேன்.

ரயில் கிறீச்சிட்டு நின்றது. கார்டு ஓடி வந்தார். கருகல் வாடை என்றதும் கீழே இறங்கி, சக்கர அச்சுகளை ஒவ்வொன்றாகப் புறங்கையால் தொட்டுப் பார்த்தார். சூடேறிய அச்சில் உள்ளங்கையை வைத்தால் தோல் அங்கேயே தங்கிவிடுமாம்.

"எல்லாம் சரியாத்தானே இருக்கு, பெரியவரே. எதுக்கு இழுத்தீங்க?"

"அன்னைக்கு இழுக்கல. அதான்."

அவருக்குப் புரியவில்லை. புதுப்பெண்ணுக்குப் புரிந்துவிட்டது.

"அப்ப அந்த நாப்பது பேரு?"

"ஒருத்தர்கூட இல்லம்மா. ஜன்னல் வழியா முதல்ல வெளிய குதிச்சது நான்தான்."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கார்டு என்னைத் திட்டவில்லை. "சும்மா இழுத்தா அபராதத்தோட போயிடும். இழுக்காம விட்டா..." என்றவர் முடிக்காமலே போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலை.

ரயில் நகர்ந்தது. தலை நிமிர முடியாமல், பக்கத்துக் காலி இருக்கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கார்டு செய்தது போல, மெல்லப் புறங்கையை அதன்மேல் வைத்தேன்.

வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன்.

மூன்று மாதமாகிறது. கொப்புளம் இன்னும் வற்றவில்லை.