டிக்கிக்குள் ஒரு சாண்

“உட்காருங்கம்மா” என்று சர்வேயர் மூன்றாவது தடவையாகச் சொன்னார்.

வந்தவள் உட்காரவில்லை. ஜன்னலுக்கும் கதவுக்கும் நடுவிலிருந்த ஆறடியை அளந்துகொண்டே இருந்தாள். இடது உள்ளங்கையில் தடித்த கட்டு. அதன் முனையைப் பிரிப்பதும் திருப்பிச் செருகுவதுமாக வலது கை சும்மா இருக்கவில்லை. சுவரில் மணி இரண்டேகால். அவள் பார்த்த பார்வையில் கடிகாரமே மிரண்டு நின்றுவிடும் போலிருந்தது.

“நாலு மணிக்குக் கமிட்டி கூடுது சார். எங்க அண்ணன் இனி எந்தப் பந்தய வண்டியையும் தொடக்கூடாதுன்னு எழுதப் போறாங்க. ஆயுசுக்கும்.”

சர்வேயர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இருபத்தெட்டு வருஷம் நசுங்கின வண்டியையும் எரிந்த வண்டியையும் பார்த்து, நடந்தது என்ன என்று காப்பீட்டுக்காரர்களுக்கு எழுதிக் கொடுத்தவர் அவர். வேலை ஓய்ந்தும் பட்டப்பெயர் ஓயவில்லை. பக்கத்தில் அவருடைய மனைவியின் தம்பி, பென்சிலை நக்கியபடி தயாராக இருந்தார். ஒரு காலத்தில் தட்டச்சு சொல்லிக் கொடுத்தவர். யார் வாயைத் திறந்தாலும் எழுதிவிடுவதால் ஊரே அவரை ‘நோட்டு’ என்றது.

நடந்ததை அவள் நடந்தபடியே சொன்னாள். கால் மைல் நேர்ப்பாதையில் இரண்டு இரண்டு வண்டியாக ஓடும் டிராக் பந்தயத்தில் அவள் ஓட்டுகிறாள். வண்டியின் வேகக் கணக்கெல்லாம் கணவன் பொறுப்பு. மின்சார வேலை முழுக்க, தொழிலில் ஒயர்மேனான அண்ணன். மூன்று மாதத்துக்கு முன் அண்ணன்தான் பேட்டரியை முன்னாலிருந்து டிக்கிக்கு மாற்றினார். கனம் பின்னால் போனால் பின்சக்கரம் தரையைக் கவ்வும் என்பதால் பந்தயக்காரர்கள் பலரும் செய்கிற வேலைதான் அது. ஆனால் அரைகுறையாகச் செய்தால் உயிருக்கு உலை. போன சனிக்கிழமை பயிற்சியில் வண்டி கிளம்பி இரண்டாவது கியர் விழுவதற்குள் முதுகுக்குப் பின்னால் புகை. தீயணைக்கும் குப்பியை எடுக்கக் கை நீட்டியபோது பழுக்கக் காய்ந்து கிடந்த கேபிளில் உள்ளங்கை பட்டுவிட்டது. ஓடி வந்த ஆள் ஒருவர் வண்டியின் பின்புறம் வெளியே இருந்த சிவப்பு விசையை அமுக்கியதும் எல்லாம் அணைந்தது. அந்த விசையை வைத்ததும் அண்ணன்தான்.

கமிட்டி கண்டுபிடித்த குற்றம் இரண்டு. டிக்கிக்கும் உட்புறத்துக்கும் நடுவிலுள்ள தகட்டில் கேபிள் நுழையும் ஓட்டைக்கு ரப்பர் வளையம் இல்லை. தகட்டு விளிம்பு கேபிளை அறுத்துவிட்டது. இரண்டாவது, பேட்டரியை ஒட்டி இருக்க வேண்டிய ஃபியூஸ், முன்னால் பானெட்டுக்குள் இருக்கிறது. அண்ணனோ இரண்டையும் சரியான இடத்தில் வைத்ததாகத் தலையில் அடித்துச் சொல்கிறார். அன்றைக்கே வண்டியைக் கொட்டகையில் வைத்துப் பூட்டி சீல் வைத்துவிட்டார்கள். பார்க்கக்கூட அவரை விடவில்லை.

“வீட்டுக்காரர் என்ன சொல்றாரு?” என்று சர்வேயர் கேட்டார்.

“ஒண்ணும் சொல்லலை. அதான் சார் பயமா இருக்கு. அண்ணனைத் திட்டினாக்கூட மனசு ஆறும். திட்டவும் மாட்டேங்கிறாரு, பேசவும் மாட்டேங்கிறாரு. தட்டுல கையை வெச்சுட்டு எழுந்து போயிடறாரு. இவரை விடறதா, அவரை விடறதான்னு என்னை நிறுத்திடுவாங்க போல.”

வீட்டில் அவர்கள் இரண்டு பேர் மட்டும்தானா என்று சர்வேயர் விசாரித்தார். ஆமாம் என்றாள். பந்தயத்தில் எப்படி என்றார். போன தடவை தலைமயிர் அளவில் தோற்றதாகவும், கிளம்பும்போது வலது பின்சக்கரம் பிடிக்காமல் வெறுமனே சுற்றியதாகவும், கணவன் அதையே பத்து நாள் ஜபித்துக்கொண்டிருந்ததாகவும் சொன்னாள். அண்ணன் வேலையில் ஏதாவது தனிப்பழக்கம் உண்டா என்று அவர் கேட்டதும் அவள் முகத்தில் முதன்முறையாகச் சிரிப்பு எட்டிப் பார்த்தது.

“முடுக்கின போல்ட்டுக்கெல்லாம் நெயில் பாலிஷால மார்க் போடுவாரு. என்னோட கருஞ்சிவப்பு பாட்டில் மூணு மாசமா அவரு டூல் பெட்டியிலதான் குடியிருக்கு. கேட்டா, ‘உன் நகம் கழண்டு விழாது, போல்ட்டு விழும்’பாரு. நான் வேற வாங்கிக்கிட்டேன்.”

கட்டில்லாத கையை விரித்துக் காட்டினாள். நகங்களில் செங்கல் நிறம். நோட்டு அதையும் எழுதினார்.

பந்தய மைதானத்துக்கு அரை மணி நேரம். அங்கே மண்ணே அதிர்ந்தது. எங்கோ ஒரு இன்ஜின் உறுமி அடங்குவதற்குள் அடுத்தது உறுமியது. கொட்டகையைத் திறந்துவிட்ட பரிசோதகர் சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டே இருந்தார். அண்ணன் செய்த வேலைக்கு அன்று தகுதிச் சீட்டு கொடுத்தவர் அவர்தான். அதில் ‘ஃபியூஸ் பேட்டரி அருகில்’ என்ற வரிக்கு நேரே டிக் இருந்தது. பார்த்துவிட்டுப் போட்டதா என்று சர்வேயர் கேட்டதும் சாவிச் சத்தம் கூடியது. அன்றைக்கு நாற்பது வண்டி வந்ததாம். ஒயர்மேன் சொன்னதை நம்பி டிக் போட்டுவிட்டாராம்.

“அத்தான், இந்த ஆள் மேலதான் எனக்கு டவுட்டு. தன் டிக்கைக் காப்பாத்திக்க என்ன வேணா செய்வான்” என்று நோட்டு காதருகே வந்து சொன்னார்.

“தன் டிக்கைக் காப்பாத்தறவன் ஃபியூஸை இடம் மாத்துவானா? இருக்கிற இடத்துலேயே விட்டாத்தானே டிக் உண்மையாகும்?”

நோட்டு எழுதியதை அடித்தார்.

சர்வேயர் அவசரமில்லாமல் டிக்கிக்குள் குனிந்தார். இரும்புப் பெட்டிக்குள் பேட்டரி, வலது சக்கரத்தை ஒட்டி, தரைத்தகட்டில் நான்கு போல்ட்டால் இறுக்கப்பட்டு உறுதியாக இருந்தது. ஒவ்வொரு நட்டின் நடுவிலும் ஒரு நகப்பூச்சுப் புள்ளி. கேபிளின் மேல் ஒரு ரப்பர் வளையம், கைக்குப் பெரிதான வளையல் மாதிரி தொங்கியது. ஓட்டையிலிருந்து அதுவரை கையை விரித்து அளந்தார். ஒரு சாண். பிறகு இடது பக்கம் விரிப்பைத் தூக்கிக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மறுபடி விரித்துவிட்டார். முன்னால் போய்ப் பானெட்டைத் திறந்து, ஃபியூஸ் டப்பாவையும் அதோடு சேர்ந்த துண்டுக் கேபிளையும் அதே மாதிரி அளந்தார். அதுவும் ஒரு சாண்.

நோட்டின் முகம் வாடிவிட்டது. “எல்லா நட்டுலயும் நெயில் பாலிஷ் இருக்கே அத்தான். அப்ப இது அண்ணன்காரர் கைவேலைதான். அந்தப் பொண்ணுகிட்ட எப்படிச் சொல்றது?”

“நீ சொல்ல வேணாம். வா, அவரை ஒரு கேள்வி கேட்டுட்டு வரலாம்.”

கம்பிவேலிக்கு வெளியே ஒயர்மேன் ஒரு ஸ்பேனரைக் கைக்குக் கை மாற்றியபடி முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தார். தங்கையின் நடைதான், அச்சு அசல். சர்வேயர் வண்டியைப் பற்றி எதுவும் சொல்லாமல், மார்க் எப்படிப் போடுவீர்கள் என்று மட்டும் கேட்டார். ஒயர்மேன் வேலிக்கம்பி மேல் விரலால் இழுத்துக் காட்டினார்.

“கோடு சார். பாதி நட்டு மேல, பாதி தகட்டு மேல. நட்டு ஒரு நூல் அசைஞ்சாலும் கோடு ஒடிஞ்சு போகும். குனியக்கூட வேணாம், நின்ன இடத்துல தெரியும்.”

சர்வேயர் நன்றி சொல்லிவிட்டுக் கமிட்டித் தலைவரிடம் போனார். கூட்டத்தை ஆபீஸ் அறையில் வைக்காமல் கொட்டகையில் வைக்க வேண்டும், ஒயர்மேனையும் உள்ளே விட வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். தலைவர் முனகினார், ஆனால் ஒப்புக்கொண்டார்.

நாலு மணிக்குத் திறந்த டிக்கியைச் சுற்றி எல்லோரும் நின்றார்கள். தலைவர், பரிசோதகர், தங்கை, ஒயர்மேன், கடைசியாக வந்து தூணோரம் ஒதுங்கிய கணவன். உட்காரப் பெஞ்சு இருந்தும் ஒருவரும் உட்காரவில்லை. டிக்கியைப் பார்த்த மறுகணம் ஒயர்மேனுக்கு முகம் மாறியது. பெட்டியை நான் வைத்தது இங்கே இல்லையே என்று ஆரம்பித்தவரைச் சர்வேயர் கையமர்த்தினார்.

“ஃபியூஸ் எதுக்குன்னு முதல்ல பார்த்துக்கலாம். பேட்டரியில இருந்து கிளம்பற மின்சாரத்துக்கு அது காவல்காரன். கேபிள் எங்கேயாவது தகட்டுல உரசினா, அவன் செத்து வண்டியைக் காப்பாத்தணும். அதனால அவன் நிக்க வேண்டிய இடம் வாசல். இங்க அவனைக் கொல்லையில நிறுத்தியிருக்காங்க. வாசல்ல திருடன் புகுந்துட்டான், கொல்லையில இவன் சௌக்கியமா நிக்கிறான். முன்னால இருக்கிற ஃபியூஸ் இன்னிக்கும் புதுசு மாதிரி இருக்கு, பாருங்க.”

அதைத்தானே நாங்களும் எழுதினோம் என்றார் தலைவர். அந்தத் தப்பைச் செய்தவர் இந்த ஒயர்மேன்தானே என்றும் கேட்டார்.

சர்வேயர் விரிப்பைத் தூக்கினார். தகட்டில் நான்கு வெற்று ஓட்டைகள், பெட்டியின் இப்போதைய இடத்திலிருந்து சரியாக ஒரு சாண் இடது புறம். ஒவ்வொன்றின் விளிம்பிலும் கருஞ்சிவப்பில் ஒரு பாதிக்கோடு. பக்கச் சுவரில் திருகு போன இரண்டு சின்ன ஓட்டைகள். அங்கேயும் பாதிக்கோடு.

“சுவர்ல இருக்கிற இந்தப் பாதிகளோட மீதி எங்கேன்னு பார்த்தா, முன்னால இருக்கிற ஃபியூஸ் டப்பாவோட திருகுத் தலையில இருக்கு. அதாவது டப்பா முதல்ல இங்கதான் இருந்தது. பேட்டரிக்குப் பக்கத்துல. அப்புறம் யாரோ வலது சக்கரத்துக்குக் கனம் வேணும்னு பெட்டியை ஒரு சாண் வலப்பக்கம் தள்ளினாங்க. கேபிள் எட்டலை. கிளிப்பைத் தளர்த்தி, கேபிளையே முன்னால இருந்து பின்னால ஒரு சாண் இழுத்தாங்க. அப்போ ஓட்டையில இருந்த ரப்பர் வளையம் கேபிளோட சேர்ந்து பிடுங்கிக்கிட்டு வந்துடுச்சு. அவங்க அதைக் கவனிக்கலை. இப்ப முன்னால ஒரு சாண் குறைஞ்சது. அதை நிரப்ப, ஃபியூஸையும் துண்டுக் கேபிளையும் இங்கேருந்து கழட்டி அங்க போட்டாங்க. ஒரே ஒரு சாண் ஆசை. ரெண்டு தப்பும் அதுல பிறந்ததுதான்.”

பரிசோதகர் நட்டுகளைக் காட்டினார். அவற்றிலும் ஒயர்மேனுடைய மார்க் இருக்கிறதே என்றார்.

“இருக்கு. ஆனா ஒயர்மேன் போடறது கோடு. இது புள்ளி. நட்டோட நடுவுல புள்ளி வெச்சா நட்டு நாலு சுத்து சுத்தினாலும் தெரியாது. பழைய வேலை மாதிரியே தெரியணும்னு வெச்சிருக்காங்க, எதுக்குன்னு தெரியாம. அப்புறம் நிறம். அம்மா, உங்க கையைக் கொஞ்சம் கிட்டக் கொண்டு வர்றீங்களா?”

அவள் வலது கையை நட்டின் அருகே கொண்டுபோனாள். செங்கல் நிற நகம். செங்கல் நிறப் புள்ளி. கை அங்கேயே நின்றுவிட்டது. வெளியே ஒரு இன்ஜின் உறுமி அடங்கியது.

ஒயர்மேனிடம் இருப்பது கருஞ்சிவப்பு. செங்கல் நிறப் பாட்டில் இருப்பது தங்கையின் வீட்டில். அந்த வீட்டில் இருப்பதோ இரண்டே பேர். சர்வேயர் இதைச் சொல்லவில்லை. சொல்லத் தேவை இருக்கவில்லை.

தூணோரமிருந்து கணவன் வந்தான். “நான்தான்” என்றான். பிறகு மனைவியைப் பார்க்காமல் டிக்கியைப் பார்த்தே பேசினான். தலைமயிர் அளவுத் தோல்வி அவனைத் தூங்கவிடவில்லையாம். மச்சானைக் கேட்டால் கேபிளை முழுசாக மாற்றாமல் பெட்டியை அசைக்க விடமாட்டார், பந்தயத்துக்கோ பத்து நாள்தான் இருந்தது. “ஃபியூஸ்னா ஃபியூஸ், எங்க இருந்தா என்னன்னு நினைச்சேன். சனிக்கிழமை இவ கையைப் பார்த்ததும் சொல்ல வாய் வரலை. என் கையாலதான் இவ கை வெந்ததுன்னு எப்படிச் சொல்றது? மச்சான் மேல பழி விழுந்தப்போ… விழட்டும்னு இருந்துட்டேன்.”

“அஞ்சு நாளா நான் ரெண்டு பேருக்கும் நடுவுல கிடந்து தவிச்சேன்” என்றாள் அவள். குரல் உயரவில்லை. “இப்ப சொன்னதைக் கமிட்டி தாள்ல உங்க கையாலயே எழுதிக் குடுங்க. அப்புறம் வீட்டுக்குப் போகலாம்.”

அவன் எழுதிக் கொடுத்தான். ஒயர்மேன் மீதான குற்றம் அடிக்கப்பட்டது. கணவன் அந்தப் பருவம் முழுக்க எந்த வண்டியிலும் கை வைக்கக்கூடாது என்று ஆயிற்று. சொந்த மச்சான் கூட இருந்தால் மட்டும் விதிவிலக்கு. அந்த வரியைச் சேர்க்கச் சொன்னது ஒயர்மேன். பரிசோதகர் தன் தகுதிச் சீட்டைத் தானே கேட்டு வாங்கி, இனி குனிந்து பார்க்காமல் டிக் போடுவதில்லை என்று முணுமுணுத்தார். நோட்டு அதை எழுதி, அடியில் கோடும் போட்டார்.

அவள் கையில் கட்டுப் பிரித்த மறுவாரம் அதே கொட்டகை. புதுக் கேபிள், புது ரப்பர் வளையம், பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள் ஃபியூஸ். பெட்டி மட்டும் வலப்பக்கமே இருந்தது. அந்த யோசனை நல்ல யோசனைதான் என்று ஒயர்மேன் போகிற போக்கில் ஒப்புக்கொண்டார். அவள் இன்ஜினைக் கிளப்பினாள். அண்ணன் பின்னால் போய், வேலை செய்கிறதா என்று பார்க்கச் சிவப்பு விசையை அமுக்கினார். சட்டென்று இன்ஜின் செத்தது. பல நாளாக அவள் காதுக்குள் ஓடிக்கொண்டிருந்த ஏதோ ஒன்றும் சேர்ந்து நின்றது போலிருந்தது. ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டு அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

டிக்கியில் கடைசி நட்டை முடுக்கிய ஒயர்மேன், கருஞ்சிவப்பு பாட்டிலைத் தங்கை கணவன் கையில் கொடுத்தார்.

“கோடா போடுங்க மாப்பிள்ளை. பொட்டு வெச்சுடாதீங்க.”