கண்டுகொள்ளாத வீடு

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது என்னவென்றால், இங்கிலாந்தில் ஷ்ராப்ஷயரிலுள்ள வெதர்லீ மாளிகையின் முகப்பில் இடப்பக்கம் இருபத்தொரு சன்னல்கள், வலப்பக்கமும் இருபத்தொரு சன்னல்கள். ஒன்று கூடுதலும் இல்லை, ஒன்று குறைவும் இல்லை. வலப்பக்கத்தில் ஏழு சன்னல்கள் வெறும் செங்கல் சுவரில் கறுப்புச் சாயமடித்து வரையப்பட்டவை என்பதை விருந்தாளிகளிடம் சொல்வது நாகரிகமல்ல.

நாகரிகத்தை அந்த வீட்டில் அஸ்திவாரத்திலேயே போட்டிருந்தார்கள். நூற்றைம்பது வருடங்களுக்கு முன் அதைக் கட்டிய பிரபுவுக்கு வேலைக்காரர்கள் கண்ணில் படுவது ஆகாது. அறைகளுக்கு நடுவே சுவர்களை இரட்டையாக எழுப்பி, ஒரு ஆள் ஒருக்களித்துப் போகிற அளவுக்கு ஓர் இருட்டு நடையை வீடு முழுக்க ஓட்டினார். சோறும் கரியும் மூத்திரச் சட்டியும் அதற்குள்ளேயே போய் வந்தன. ஒவ்வொரு அறையிலும் பூப்போட்ட காகிதம் ஒட்டி மறைத்த ஒரு கதவு. எஜமானர்கள் எதிரே வந்துவிட்டால் பணிப்பெண்கள் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்க வேண்டும். பதிலுக்கு, சுவருக்குள் என்ன சத்தம் கேட்டாலும் எஜமானர்கள் கேட்காததுபோல் இருப்பார்கள். இரு தரப்புக்கும் மரியாதை.

முதல் உலகப் போர் முடிந்து நாலு வருடமாகிறது. முப்பது பேர் வேலை பார்த்த வீட்டில் இப்போது பட்லர் ட்ரென்ச்சும் ஒரு சமையல்காரியும்தான். வழக்கம் மட்டும் அப்படியே இருந்தது.

ஹெஸ்டர் அங்கே மருமகளாக வந்து நாலு மாதம். அவள் அப்பா ஜெத்ரோ, வுல்வர்ஹாம்ப்டனில் சாந்துப் பூச்சு மேஸ்திரி. சாப்பாட்டு அறையின் கூரைச் சாந்து உதிர்கிறது என்று அவரையே வரவழைத்திருந்தார்கள். சனிக்கிழமை காலை குதிரை வண்டியில் வந்திறங்கியவர், வாசற்படியில் மகளைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றிச் சிரித்தார்.

பக்கத்தில் மாமியார் லேடி ஒக்டேவியா நின்றிருந்தாள்.

ஹெஸ்டர் திரும்பி ரோஜாச் செடிகளை மிகுந்த அக்கறையோடு பார்த்தாள். ட்ரென்ச் அவருக்குக் கொல்லைப்புற வழியைக் காட்டினார். சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவர் அதையும் தூக்கிக்கொண்டு போனார்.

சாயங்காலம் வரை அவர் வெளியே வரவில்லை.

“அப்பா எங்க, ட்ரென்ச்?”

“அந்தச் சாந்துக்காரரா, சின்னம்மா? சுவருக்குள்ள ஈரம் இருக்கான்னு பாக்க நடைக்குள்ள போனார். வேலை முடிஞ்சு கிளம்பியிருப்பார்.”

“வண்டியும் குதிரையும் கொல்லையில நிக்குதே?”

ட்ரென்ச் ஆழ்ந்து யோசித்தார். “காலாற நடந்து போயிருப்பார்.”

அவள் கணவன் லயனலிடம் போய்ச் சொன்னாள். காலையில் பார்க்கலாம் என்றான். காலையில், தேவாலயம் போய் வந்து பார்க்கலாம் என்றான்.

ஞாயிறு மதியம். மழை இருட்டில் மேஜை மேல் மெழுகுவர்த்தி ஏற்றியிருந்தது. வறுத்த ஆட்டுக்கறியின் மணத்துக்கு அடியில் வேறொரு வாடை எழுந்தது. ஈரச் சுண்ணாம்பு. அதில் பிசைந்த குதிரை மயிர். ஹெஸ்டர் பிறந்து வளர்ந்த வீட்டின் வாடை.

டொக். டொக்.

பிறகு, உள்ளங்கையால் மெல்லத் தேய்க்கும் ஓசை.

சாந்து எங்கே சுவரை விட்டுக் கழன்றிருக்கிறது என்று பார்க்க அப்பா அப்படித்தான் தட்டுவார். இரண்டு தட்டு, ஒரு தேய்ப்பு.

“சுவத்துக்குள்ள யாரோ தட்டறாங்க அத்தை.”

“உருளைக்கிழங்கு எடுத்துக்கோ.”

“உங்களுக்குக் கேக்கலையா?”

“நல்லாவே கேக்குது. அதுக்கு?”

“ஹெஸ்டர்,” என்று லயனல் கிசுகிசுத்தான், “இங்க அதெல்லாம் கண்டுக்கறதில்ல.”

“அது எங்கப்பா, லயனல்! ராத்திரி பூரா உள்ள கிடந்திருக்கார்!”

“சரி, இருக்கட்டும். புட்டிங் சாப்பிட்டுட்டுப் பாக்கலாமே.”

டொக். டொக்.

இப்போது தேய்ப்பு வரவில்லை.

ஹெஸ்டர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். சுவர்க் காகிதத்தின் பூக்களை நகத்தால் தடவித் தடவிக் கதவின் விளிம்பைத் தேடினாள். இந்தப் பக்கம் கைப்பிடி கிடையாது. இடுக்கில் மேஜைக் கத்தியைச் செருகி நெம்பினாள். காகிதம் கிழிந்து, கதவு திறந்தது. மெழுகுவர்த்தியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

“கதவைச் சாத்தச் சொல்லுடா,” என்றாள் மாமியார் பின்னாலிருந்து. “குளிர் வருது.”

நடை அவ்வளவு நீளம் இருக்க நியாயமில்லை.

முதலில் தெரிந்தது ஒரு வெள்ளைத் தொப்பி. அடுத்து இன்னொன்று. கறுப்புப் பாவாடையும் வெள்ளை ஏப்ரனுமாகப் பெண்கள், வரிசையாக, நெற்றி சுவரில் படும்படி நின்றிருந்தார்கள்.

ஒருத்தியும் மூச்சு விடவில்லை.

அவர்கள் முதுகை உரசிக்கொண்டுதான் அவள் போக வேண்டியிருந்தது. வரிசையின் கடைசியில் சுண்ணாம்புத் தூள் படிந்த ஒரு பழுப்புக் கோட்டு.

“அப்பா.”

அவர் திரும்பவில்லை.

“போயிடு கண்ணு.”

“வாங்கப்பா, வீட்டுக்குப் போலாம்.”

“நேத்து வாசல்ல போன பாரு, அந்த மாதிரி. பாக்காம போயிடு. இங்க அதான் வழக்கமாம்.” குரலில் கோபமே இல்லை. கலவையில் எத்தனை பங்கு மணல் என்று சொல்வதுபோல் சொன்னார்.

“தப்புதாம்பா. தப்புதான். இந்த வீடே வேணாம். கால்ல விழறேன், திரும்புங்க.”

தோளைப் பற்றி இழுத்தாள். விரலுக்கடியில் அது காய்ந்த சாந்தாகப் பொடிந்தது. விடாமல் பலங்கொண்ட மட்டும் இழுத்து, அவரைத் தன் பக்கம் திருப்பினாள்.

அந்தப் பக்கமும் முதுகுதான்.

மெழுகுவர்த்தி அணைந்தது.

இருட்டில் துணி உரசும் சத்தம் எழுந்து, வரிசை நெடுக ஓடியது.

ஆளுக்கு ஓரடி நகர்ந்து, இடம் விடுகிறார்கள்.

எப்படி ஓடினாள், எதில் மோதினாள் என்று அவளுக்குத் தெரியாது. காகிதக் கதவைத் தள்ளிக்கொண்டு சாப்பாட்டு அறையில் வந்து விழுந்தாள்.

“லயனல்! ஆளுங்களக் கூப்பிடு! சுவத்த இடிக்கச் சொல்லு! அப்பாவ எப்படியாவது வெளிய எடுக்கணும்!”

லயனல் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான்.

“அத்தை!”

லேடி ஒக்டேவியா கடுகுக் கிண்ணத்தை எட்டி எடுத்தாள்.

ஹெஸ்டர் மேஜையை ஓங்கி அறைந்தாள். கோப்பைகள் குலுங்கின. “என்னப் பாரு, லயனல். ஒரே ஒரு தடவ பாரு!” அவன் கண்கள் அவள் முகம் வரை வந்தன. வந்து, மிகுந்த பண்போடு விலகிக்கொண்டன.

மேஜை விரிப்பில் வெள்ளையாக ஒரு கை பதிந்திருந்தது. ட்ரென்ச் சின்னத் தூரிகையால் அதை ரொட்டித் தூளோடு சேர்த்துத் தட்டில் கூட்டி எடுத்துக்கொண்டு போனார்.

“உன் பொண்டாட்டி எங்கடா?”

“எழுந்து போனாம்மா. இன்னும் வரல.”

“சாப்பாட்டு நடுவுல. சாந்துக்காரன் வளர்ப்பு.”

டொக். டொக். டொக். டொக். இந்த முறை சத்தம் மேஜைப் பலகையிலிருந்தே வந்தது.

யாரும் நிமிரவில்லை.

ஆட்டுக்கறியில் உப்பு கொஞ்சம் தூக்கல்.